காந்தக் குழாய்க்குள் நாற்பது நிமிடங்கள்

மூக்குத்தி கழலவில்லை.

எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முந்தின இரவு அம்மா தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் போராடிப் பார்த்தார். படிவம் நான்கு படிக்கும்போது குத்தியது. பன்னிரண்டு வருடமாக ஒரு தடவைகூடக் கழற்றியதில்லை. “தங்கந்தானே. காந்தம் தங்கத்த இழுக்காதே. அப்படியே போனா என்னா?” என்றார். இழுக்காது என்பது சரிதான். ஆனால் நகைத் தங்கத்தில் வேறு உலோகமும் கலந்திருக்கும். உள்ளே அது சூடாகலாம். கடைசியில் காலையில் திறந்த முதல் நகைக்கடையில் பத்தர் ஒருவர் இரண்டே நிமிடத்தில் கழற்றிக் கொடுத்தார். அம்மா அதைக் கைக்குட்டையில் முடிந்து கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இதயமுடுக்கி இருக்கிறதா? மூளையில் கிளிப் வைத்திருக்கிறார்களா? கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பட்டதுண்டா? பச்சை குத்தியிருக்கிறீர்களா? கர்ப்பமா? சிறுநீரகக் கோளாறு உண்டா? கேள்விகளுக்கெல்லாம் மேலே மூன்று கட்டங்கள்: பெயர், வயது, திருமண நிலை. முதல் இரண்டையும் நிரப்பிவிட்டு மூன்றாவதில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பதிமூன்று வயதிலிருந்து மாதாமாதம் வந்த வலிக்கு நான் அதிகம் கேட்ட மருந்து அந்தக் கட்டத்துக்குள்தான் இருந்தது. “கல்யாணம் ஆனா சரியாயிடும்.”

கர்ப்பப்பையின் உட்சுவரைப் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே, சூலகத்தில், குடலின் மேல், சிறுநீர்ப்பையில், இடுப்பறையின் உட்சவ்வில் ஒட்டி வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். ஹார்மோன் ஏறி இறங்கும்போது அதுவும் வீங்கும், கசியும். வெளியேற வழியில்லாத கசிவு சுற்றியுள்ள இடத்தைப் புண்ணாக்கித் தழும்பாக்கும். பக்கத்துப் பக்கத்து உறுப்புகளைப் பசை போட்டதுபோல ஒட்டவைக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய 10 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 190 மில்லியன் பேருக்கு இது இருக்கிறது. கண்டுபிடிக்கச் சராசரியாக 4 முதல் 12 ஆண்டுகள் ஆகின்றன. எனக்குப் பதினைந்து.

அந்தக் குழாய்க்குள் படுத்த நாற்பது நிமிடங்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். தோழிகள் பலர் “உள்ள என்னடி பண்ணுவாங்க?” என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்வது சுலபம். ஏன் இவ்வளவு நாள் என்பதற்குப் பதில் தேடப் போய்த்தான் வரலாற்றுக்குள் விழுந்தேன்.

பிணவறையில் தொடங்கியது

பெரும்பாலான புத்தகங்கள் 1860இல் தொடங்குகின்றன. இடம் வியன்னா. கார்ல் வான் ரோகிடான்ஸ்கி என்ற நோய்க்கூற்றியலாளர் தம் வாழ்நாளில் பல்லாயிரம் உடல்களை அறுத்துப் பார்த்தவர். உயிரோடு இருந்தபோது நோயாளி சொன்னதையும், இறந்தபின் உடலுக்குள் தெரிந்ததையும் பொருத்திப் பார்ப்பது அக்காலத்து வியன்னா மருத்துவத்தின் பெருமை. கர்ப்பப்பையின் சுரப்பிகளைப் போன்ற திசு, இருக்கக்கூடாத இடத்தில் இருப்பதை அவர் எழுதிவைத்தார். அவர் பார்த்தது இந்த நோயைத்தானா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எப்படியானாலும் அந்தப் பெண்களிடம் “எங்கே வலித்தது?” என்று கேட்க அப்போது வழியில்லை.

அடுத்தவர் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த தாமஸ் கல்லன். 1908இல் ஒரு பெரிய நூல் எழுதினார். அந்த மருத்துவமனையில் மாக்ஸ் ப்ரோடெல் என்ற ஜெர்மானிய ஓவியர் வேலை பார்த்தார். அறுவைக்கூடத்தில் நின்று பார்த்து, திசுக்களைக் கையால் வரைந்துகொடுப்பதுதான் அவருடைய தொழில். 1920இல் கல்லன் இடுப்பறையின் வரைபடம் ஒன்றை வெளியிட்டார். சூலகம், கர்ப்பப்பைக்குப் பின்னாலுள்ள தசைநார்கள், மலக்குடலுக்கும் யோனிக்கும் இடைப்பட்ட சுவர், பெருங்குடல், தொப்புள் என்று இந்தத் திசு எங்கெங்கே குடியேறுகிறது என்பதை அதில் குறித்திருந்தார். இன்று எம்.ஆர்.ஐ. படத்தைத் திறக்கும் கதிரியக்க மருத்துவர் முதலில் தேடுவதும் ஏறக்குறைய அதே இடங்களைத்தான். வரைபடம் கிடைத்துவிட்டது. ஆனால் வயிற்றைத் திறக்காமல் அந்த ஊருக்குப் போகப் பாதையில்லை.

சாக்லேட் நிறம்

ஜான் சாம்ப்சன் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரத்தில் அறுவை மருத்துவராக இருந்தார். சூலகத்தில் சில கட்டிகளைத் திறந்தால் கெட்டியான, பழுப்பு நிறத் திரவம் வழிவதைக் கவனித்தார். அது பழைய இரத்தம். 1921இல் வெளிவந்த கட்டுரையில் அதைச் சாக்லேட் கட்டி என்றே எழுதினார். அந்தப் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம்மூர் கிளினிக்கிலும் “சாக்லேட் சிஸ்ட்” என்றுதான் சொல்வார்கள். எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயரை 1920களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

மாதவிடாய் இரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய் வயிற்றுக்குள் சிந்துகிறது, அதிலுள்ள திசு அங்கேயே வேர்விடுகிறது என்பது 1927இல் அவர் முன்வைத்த விளக்கம். இன்றும் அதிகம் பேசப்படும் விளக்கம் இதுதான். ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு இரத்தம் அப்படிப் பின்னோக்கிப் போகத்தான் செய்கிறது. நோய் வருவதோ சிலருக்கு மட்டும். அந்த ‘ஏன்’ நூறு வருடமாக முழுசாகத் தீரவில்லை.

காரணம் தெரியாத இடத்தில் அறிவுரை வந்து உட்கார்ந்துகொள்ளும். அதுதான் அடுத்து நடந்தது.

பாஸ்டனிலிருந்து ஒரு அத்தை

“கல்யாணம் ஆனா சரியாயிடும்” என்பது நம் அத்தைமார்களின் கண்டுபிடிப்பு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். 1940களில் அதை மருத்துவ இதழில் எழுதியவர் ஒருவர் இருக்கிறார். பாஸ்டனின் புகழ்பெற்ற பெண்ணோயியல் மருத்துவர் ஜோ மெய்க்ஸ். தம்மிடம் வரும் வசதியான வீட்டுப் பெண்களிடம் இந்த நோயை அவர் அதிகம் பார்த்தார். அவர்கள் தாமதமாக மணம் முடிக்கிறார்கள், தாமதமாகப் பெறுகிறார்கள், அதனால்தான் வருகிறது என்று முடிவுகட்டினார். சீக்கிரம் கல்யாணம், சீக்கிரம் பிள்ளை என்பது அவருடைய பரிந்துரை. காலப்போக்கில் இதற்கு ‘வேலைக்குப் போகும் பெண்களின் நோய்’ என்றே பெயர் விழுந்தது.

பணம் கொடுத்து மருத்துவரைப் பார்க்கவும், அறுவை செய்துகொள்ளவும் முடிந்தவர்களிடம்தான் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்குத்தான் நோய் வரும் என்று எழுதப்பட்டது. கறுப்பினப் பெண்களுக்கு இது அரிது என்று பாடநூல்களே சொல்லின. அதே வலியோடு அவர்கள் வந்தால் இடுப்பறைத் தொற்று என்று எழுதி அனுப்பினார்கள். பாலுறவால் வரும் நோய் என்ற பழியும் கூடவே போனது. 1976இல் சிகாகோவில் டொனால்ட் சாட்மன் என்ற மருத்துவர், அப்படி முத்திரை குத்தப்பட்ட பெண்கள் பலருக்கு உண்மையில் இருந்தது எண்டோமெட்ரியோசிஸ்தான் என்று காட்டினார். புதிதாக எந்தக் கருவியையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. பார்க்காமல் விட்ட இடத்தில் பார்த்தார்.

இதைப் படித்தபோது எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தார். பதினாறு வயதில் கல்யாணம், ஏழு பிள்ளைகள். மெய்க்ஸின் கணக்குப்படி அவருக்கு இது வந்திருக்கவே முடியாது. ஆனால் மாதத்தில் மூன்று நாள் வயிற்றில் ஈரத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் பால்மரம் வெட்டப் போவாராம். விடியற்காலைப் பெரட்டுக்கு வராவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. தோட்டத்து டிரசரிடம் அந்த வலிக்கென்று மருந்து இருந்ததாக அவர் சொன்னதே இல்லை. அவருக்கு இருந்தது இந்த நோய்தானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல முடியாமல் போனவர்களைச் சேர்க்காமல் எழுதப்பட்டதுதான் இந்த நோயின் பழைய கணக்கு என்பதை மட்டும் சொல்லலாம்.

கர்ப்பகாலத்தில் மாதவிடாய் நின்றிருப்பதால் சிலருக்கு வலி குறையும். பிறகு திரும்பும். பிள்ளை பெறுவது இதற்குச் சிகிச்சை இல்லை. மனித இனப்பெருக்கம், கருவியல் ஆகியவற்றுக்கான ஐரோப்பியச் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி, நோயைக் குணப்படுத்துவதற்காக மட்டும் கர்ப்பமாகும்படி அறிவுரை சொல்லக்கூடாது என்று எழுத்திலேயே போட்டிருக்கிறது. பாஸ்டனிலிருந்து அங்கே வந்துசேர எண்பது வருடம்.

நம்பவைக்க ஒரு துளை

1940களில், ஜெர்மானியப் படைகள் பிடித்துவைத்திருந்த பாரிஸில், ராவுல் பால்மர் என்ற மருத்துவர் வயிற்றில் சின்னத் துளையிட்டு, வாயுவால் வயிற்றைக் கொஞ்சம் உப்பவைத்து, குழாய் வழியாக உள்ளே பார்க்கும் முறையைப் பெண்ணோயியலுக்குக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் பேட்ரிக் ஸ்டெப்டோ 1960களில் அதைப் பரப்பினார். இதுதான் லேப்பரோஸ்கோப்பி. பிணவறை, திறந்த வயிறு என்று போய்க்கொண்டிருந்த கதையில் இது பெரிய விடுதலை. உயிரோடு இருப்பவரின் உள்ளே, பெரிதாக வெட்டாமல் பார்க்க முடிந்தது.

ஆனால் ஒரு பின்விளைவும் வந்தது. லேப்பரோஸ்கோப்பியில் கண்ணால் பார்த்தால்தான் எண்டோமெட்ரியோசிஸ் என்பது விதியானது. மயக்க மருந்து வாங்கிக்கொண்டு, அறுவைக்கூடத்தில் படுத்து, வயிற்றில் துளை போட்டுக்கொண்டால்தான் உன் வலிக்குப் பெயர். அதுவரைக்கும் மன அழுத்தம், சோம்பேறித்தனம், “பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிப்பு”.

நாவலாசிரியர் ஹிலரி மேன்டலின் கதை வாசகர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும். இருபதுகளில் அவருக்கு இருந்த வலியை மனக்கோளாறு என்று எடுத்துக்கொண்டு மருத்துவர்கள் மனநோய் மாத்திரைகள் கொடுத்தார்கள். கணவரோடு போட்ஸ்வானாவில் வாழ்ந்தபோது ஒரு மருத்துவப் பாடநூலைப் படித்துத் தமக்கு என்ன நோய் என்று தாமே கண்டுகொண்டார். 1979இல், 27 வயதில், லண்டனில் அவருடைய கர்ப்பப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. நோய் பிறகும் திரும்பி வந்தது. அதற்கு முந்தைய வருடம், 1978இல், அதே இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஓர் இயற்பியலாளர் தாம் கட்டிய காந்தத்துக்குள் தாமே புகுந்து தம் வயிற்றைப் படம் பிடித்திருந்தார்.

பர்கர் கடையில் வந்த யோசனை

அந்தக் காந்தத்தின் கதைக்கும் பெண்களின் வலிக்கும் தொடக்கத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. அணுக்கருக்கள் காந்தப்புலத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்று 1938இல் இசிடோர் ராபி அளந்தார். 1946இல் ஃபெலிக்ஸ் பிளாக்கும் எட்வர்ட் பர்செலும் தனித்தனியாக, திட திரவப் பொருள்களிலேயே அதை அளக்கலாம் என்று காட்டினார்கள். வேதியியலாளர்களுக்கு அது நல்ல கருவியானது. உடம்பைப் பற்றி யாரும் பெரிதாக யோசிக்கவில்லை.

1971இல் ரேமண்ட் டமாடியன் என்ற அமெரிக்க மருத்துவர், எலிகளின் புற்றுத்திசுவும் நல்ல திசுவும் காந்தத்தில் வெவ்வேறு மாதிரி பதில் தருகின்றன என்று எழுதினார். அதே வருடம் செப்டம்பரில் பால் லாட்டர்பர் என்ற வேதியியலாளர், பிட்ஸ்பர்க் அருகே ஒரு பர்கர் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு யோசனை வந்து, உடனே போய் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கி எழுதிவைத்தார்.

யோசனை இதுதான். தமிழ்ப்பள்ளிச் சபைகூடலை நினைத்துக்கொள்ளுங்கள். திடலில் பிள்ளைகள் கண்டபடி ஓடுகிறார்கள். மணியடித்ததும் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறார்கள். நம் உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் கருக்கள்தான் அந்தப் பிள்ளைகள். மணி என்பது காந்தம். ஆசிரியர் விசிலடித்தால் எல்லோரும் திரும்புகிறார்கள். அது வானொலி அலை. விசில் நின்றதும் ஒவ்வொருவரும் தம் வேகத்தில் பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய சத்தம் எழுகிறது. நீரிலுள்ளவை மெதுவாகத் திரும்பும், கொழுப்பிலுள்ளவை சீக்கிரம். சத்தம் வருகிறது, சரி. எங்கிருந்து வருகிறது என்று எப்படித் தெரியும்? காந்தத்தை ஒரு பக்கம் கொஞ்சம் பலமாகவும் மறுபக்கம் கொஞ்சம் பலவீனமாகவும் வைத்தால், ஒவ்வோர் இடத்துச் சத்தமும் வேறு சுருதியில் வரும் என்று லாட்டர்பர் கண்டார். சுருதியை வைத்து இடத்தைப் பிடித்துவிடலாம். இரண்டு மெல்லிய நீர்க்குழாய்களைப் படம் பிடித்து ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார். முதலில் திருப்பி அனுப்பினார்கள். 1973இல் அதே இதழில் வெளியானது.

1977 ஜூலை 3ஆம் தேதி டமாடியன் குழுவினர் ஒரு மனித நெஞ்சை முதன்முறையாகப் படம் பிடித்தார்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடித்தது. நாட்டிங்காமில் தம் வயிற்றையே பணயம் வைத்தவர் பீட்டர் மான்ஸ்ஃபீல்ட். இன்று படங்கள் வேகமாக வருவதற்கு அவருடைய கணிதம் ஒரு முக்கியக் காரணம். 2003இல் லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. டமாடியனுக்கு இல்லை, அவர் தரப்பினர் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார்கள். அதே 2003இல்தான் மேன்டல் தம் நோயைப் பற்றி எழுதிய ‘கிவிங் அப் தி கோஸ்ட்’ வெளிவந்தது. 

கியோத்தோவில் தெரிந்த நிழல்

எம்.ஆர்.ஐ. முதலில் மூளைக்கும் முதுகெலும்புக்கும்தான் போனது. இடுப்பறைக்கு அது வந்ததில் ஜப்பானியர்களுக்குப் பெரும் பங்குண்டு. கியோத்தோ பல்கலைக்கழகத்தின் கவோரி தொகாஷியும் சக ஆய்வாளர்களும் 1991இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எம்.ஆர்.ஐ.யில் ஒரே இடத்தை வெவ்வேறு வகையாகப் படமெடுக்கலாம். டி1 என்ற வகையில் தண்ணீர் கருப்பாகவும், டி2 என்ற வகையில் வெள்ளையாகவும் தெரியும். சாம்ப்சனின் சாக்லேட் கட்டியோ தலைகீழாக நடந்துகொண்டது. உள்ளே பல மாதத்து இரத்தம் தேங்கியிருப்பதால், அதிலுள்ள இரும்பின் வேலையால் டி1இல் பளிச்சென்று வெள்ளையாகவும், டி2இல் நிழல் விழுந்ததுபோல மங்கலாகவும் தெரிந்தது. கொழுப்புக் கட்டியும் டி1இல் வெள்ளைதான். ஆனால் கொழுப்பின் ஒளியை மட்டும் அணைத்து எடுத்தால் அது கருத்துப்போகும், பழைய இரத்தம் அப்படியே ஒளிரும்.

ஆல்பனியில் கத்தியால் திறந்து பார்த்த அதே பழுப்பு இரத்தத்தை, எழுபது வருடம் கழித்துத் தோலைத் தொடாமலே ஒரு காந்தம் அடையாளம் கண்டது. பின்னால் வந்தவர்கள் தசைநார்களிலும் மலக்குடல் சுவரிலும் ஆழமாக இறங்கிய தழும்புகளையும் படிக்கக் கற்றார்கள். இரண்டு சூலகங்களும் கர்ப்பப்பைக்குப் பின்னால் இழுபட்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், ‘முத்தமிடும் சூலகங்கள்’ என்று அறிக்கையில் எழுதுவார்கள். பெயர்தான் அழகு.

அந்த நாற்பது நிமிடம்

முதலில் டாக்டர் “கல்யாணம் ஆயிருச்சா?” என்றுதான் கேட்டார். உண்மையில் அவர் கேட்க வந்தது வேறு. பாலுறவு அனுபவம் இருந்தால் யோனி வழியாக அல்ட்ராசவுண்டு செய்யலாம். பழகியவர் கையில் அதுவே மிக நல்ல பரிசோதனை. இல்லையென்றால் எம்.ஆர்.ஐ. ஒரு மாற்று. நேராகக் கேட்டிருந்தால் நானும் நேராகச் சொல்லியிருப்பேன்.

போகும் முன் நான்கைந்து மணி நேரம் சாப்பிடவேண்டாம் என்றார்கள். குடல் அசைந்தால் படம் கலங்கும். சிறுநீர்ப்பை முட்டவும் கூடாது, காலியாகவும் இருக்கக்கூடாது. மாதவிடாய் நாளில்தான் வரவேண்டும் என்ற கட்டாயமில்லை. காப்பர்-டி போன்ற சாதனம் வைத்திருந்தால் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் பிரச்சினை வராது. தாலி, மெட்டி, மூக்குத்தி, கொலுசு, ஊக்கு, உலோகக் கொக்கியுள்ள உள்ளாடை எல்லாம் வெளியே. உலோக இழை கலந்த விளையாட்டு உடைகளும் உண்டு என்பதால் ஆஸ்பத்திரி உடைதான் நல்லது.

தாதி கையில் ஓர் ஊசி போட்டார். குடலைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைக்கும் மருந்து. வாய் வறண்டது, கண் லேசாக மங்கியது. அரை மணி நேரத்தில் சரியானது. கண்ணழுத்த நோயோ இதயத்துடிப்புக் கோளாறோ இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டிய இடம் இது. திரும்பும்போது தாமே கார் ஓட்டாமல் இருப்பது நல்லது. சில ஆஸ்பத்திரிகளில் யோனிக்குள்ளோ மலக்குடலுக்குள்ளோ ஜெல் வைப்பதுண்டு. அது எல்லோருக்கும் தேவையில்லை. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மாறுநிற மருந்தும் அப்படித்தான், சிலருக்கு மட்டும்.

மல்லாந்து படுக்கவைத்து, இடுப்பின் மேல் தட்டையான ஒரு சட்டத்தை வைத்துக் கட்டினார்கள். அதுதான் அந்த மெல்லிய சத்தத்தைக் கேட்கும் ஆன்டெனா. கையில் ஒரு ரப்பர் பந்து. பயமாக இருந்தால் அழுத்தலாம். பந்தை அழுத்துவதில் வெட்கம் ஒன்றுமில்லை என்று மலாய்க்காரத் தொழில்நுட்பர் இரண்டு முறை சொன்னார். காதை அடைத்துவிட்டார்கள். கட்டில் உள்ளே நகர்ந்தது.

வலி இல்லை. எக்ஸ்ரே மாதிரிக் கதிர்வீச்சும் இல்லை. சத்தம் மட்டும் உண்டு, நிறைய. தட்டல், இரைச்சல், அபாயமணி மாதிரி ஒன்று, கொஞ்சம் அமைதி, மறுபடி தட்டல். லாட்டர்பர் சொன்ன அந்தப் புல வித்தியாசத்தை உண்டாக்கும் கம்பிச்சுருள்களில் மின்சாரம் சட்டுச்சட்டென்று மாறும்போது அவை அதிர்வதுதான் இந்தச் சத்தம். சுற்றியுள்ள காந்தம் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தத்தைவிட ஏறக்குறைய 30,000 மடங்கு. அதைக் குளிர வைத்திருப்பது மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியம். இவ்வளவும் என் அடிவயிற்றுக்காக. பொன்ஸ்தான் மாத்திரையும் கோடாலித் தைலமும் கொடுத்து அனுப்பப்பட்ட வயிறு. கொஞ்சம் அழுகை வந்தது. அழுதால் வயிறு அசையும், படம் கெடும் என்று அடக்கிக்கொண்டேன்.

‘நார்மல்’

இரண்டு வாரம் கழித்து அறிக்கை வந்தது. டாக்டர் சந்தோஷமாகத்தான் சொன்னார்: “எல்லாம் நார்மல். ஒண்ணும் இல்ல. டென்ஷன் ஆகாதீங்க.” கட்டி இல்லை என்று சந்தோஷப்பட வேண்டியவள் கழிவறைக்குப் போய் அழுதேன். ஒன்றும் இல்லையென்றால் பதினைந்து வருடமாக எனக்கு வலித்தது என்ன?

அந்த இரவுதான் இதையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். 2022 வழிகாட்டியில் இன்னொன்றும் இருக்கிறது. நோயை உறுதிசெய்ய லேப்பரோஸ்கோப்பிதான் ஒரே வழி என்ற பழைய விதியை அது கைவிட்டது. அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுங்கள் என்கிறது. கூடவே, படத்தில் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள் என்றும் சொல்கிறது. சாக்லேட் கட்டியையும் ஆழமாக இறங்கிய நோயையும் எம்.ஆர்.ஐ. நன்றாகவே காட்டும். இடுப்பறையின் உட்சவ்வில் சில மில்லிமீட்டர் அளவில் மேலோட்டமாகப் படிந்திருக்கும் புள்ளிகளை அது பெரும்பாலும் காட்டாது. அந்தப் புள்ளிகள் சின்னவை என்பதால் வலியும் சின்னது என்றில்லை. நோயின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் நேரான கணக்கு கிடையாது.

1860இலிருந்து படித்துக்கொண்டு வந்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு புதுக் கருவியும் அதுவரை தெரியாத ஒன்றைக் காட்டியது. உடனேயே, அந்தக் கருவிக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத பெண்கள் நடிக்கிறவர்கள் ஆனார்கள். எம்.ஆர்.ஐ.யும் அந்த வரிசையில் ஒன்றாகிவிடக்கூடாது. எடுக்கப் போகிறவர்கள் தைரியமாகப் போங்கள். அதில் பயப்பட ஒன்றுமில்லை. படத்தை எண்டோமெட்ரியோசிஸ் பார்த்துப் பழகிய கதிரியக்க மருத்துவர் படிக்கிறாரா என்று கேளுங்கள். எந்த நாளில் எங்கே வலிக்கிறது, மலம் கழிக்கும்போதா, சிறுநீர் போகும்போதா என்று எழுதிக்கொண்டு போங்கள்; எங்கே தேடுவது என்று அவருக்குத் தெரியும். அறிக்கை நார்மல் என்றால், “அப்படின்னா அடுத்து என்ன டாக்டர்?” என்று கேளுங்கள்.

நான் வேறொரு டாக்டரிடம் போய் அதைத்தான் கேட்டேன். அவர் என் அறிக்கையை ஒரு நிமிடம் பார்த்தார். என்னிடம் இருபது நிமிடம் பேசினார். அறுவை இல்லாமல் ஹார்மோன் மாத்திரை தொடங்கிப் பார்க்கலாம், ஆறு மாதத்தில் குறையாவிட்டால் லேப்பரோஸ்கோப்பியைப் பற்றி யோசிக்கலாம் என்றார். நெருங்கிய இரத்த உறவில் யாருக்காவது இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: “உங்களுக்கு மாசாமாசம் வலி எப்படி இருந்துச்சு ஆன்ட்டி?”

அம்மா கைப்பையின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். “இருந்துச்சு. சில நேரம் மயக்கம் வந்து விழுந்துருக்கேன். எங்கம்மாவும் அப்படித்தானே மரம் வெட்டப் போனாங்க. எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சிக்கிட்டேன்.”

டாக்டர் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். ‘தாய்: கடுமையான மாதவிடாய் வலி. பரிசோதிக்கப்படவில்லை.’ எங்கள் குடும்பத்தில் இந்த வலியைப் பற்றி ஒருவர் எழுதிவைத்த முதல் வரி அது.